பிரிண்ட் எடுத்த டைட்டானியமும் கணினிக்குள் ஒரு லேத்தும்

"பிரிண்ட் பண்ணி எடுத்த சாமானை ஏன் தம்பி திரும்ப லேத்தில ஏத்துறியள்? அப்ப அந்த மிசின் என்னத்துக்கு?"

பெரியப்பா இதைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் லேத்தில் நின்றவர் அவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களுக்கும் தண்ணீர்ப் பம்புகளுக்கும் கையில் கிடைத்த இரும்பிலேயே பாகம் கடைந்து கொடுத்தவர். அவருடைய அடுத்த கேள்விதான் என்னை நிறுத்திவிட்டது: "கொம்பியூட்டருக்க வெட்டிப் பாத்தனி எண்டுறாய். சரி, சீவல் எப்பிடி வந்தது?"

சீவல் என்றால் வெட்டும்போது உலோகத்திலிருந்து உரிந்து வரும் சுருள். விசயம் முழுக்க அந்த இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வியை முடித்துவிடுவோம். உலோகத்தில் 3டி பிரிண்டிங் என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மா மாதிரியான உலோகத் தூளை ஒரு தட்டின் மேல் 30 முதல் 60 மைக்ரோமீற்றர் தடிப்பில் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, தட்டை அந்தளவுக்கு இறக்கி, மேலே இன்னொரு படை தூள் போட்டு, திரும்ப உருக்கி, இப்படியே ஆயிரக்கணக்கான படைகள். தூள் மணி ஒவ்வொன்றும் 15 முதல் 45 மைக்ரோமீற்றர் பருமன். விளிம்பில் பாதி உருகிய மணிகள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆகவே வெளியே வரும் துண்டைத் தடவினால் சாண்ட் பேப்பர் மாதிரி இருக்கும். அளந்தால் சராசரிக் கரடு 5 முதல் 20 மைக்ரோமீற்றர் வரை வரும், பெயாரிங் உட்காரும் இடத்துக்கோ 1 மைக்ரோமீற்றருக்கும் கீழே வேண்டும். இடுப்பு மூட்டுக்கு வைக்கும் டைட்டானியக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்பக்கத்தை எலும்பு வளர்ந்து பற்றிப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே கரடாகவும் துளைகளோடும் விட்டுவிடுவார்கள், ஆனால் உள்ளே பொருந்துகிற கூம்பைக் கடைந்தே ஆக வேண்டும், மரையையும் வெட்டியே ஆக வேண்டும். பிரிண்டர் கிட்டத்தட்ட உருவத்தைத் தரும், அளவைத் தருவது இன்னமும் வெட்டும் இயந்திரம்தான்.

இந்த வேலைகளில் அதிகம் பாவிக்கப்படுவது கிரேட் 5 என்று கடைகளில் சொல்லும் கலப்புலோகம். டைட்டானியம் சுமார் 90 வீதம், அலுமினியம் 6, வனேடியம் 4. உருக்கின் பாரத்தில் அரைவாசிக்குச் சற்று மேல்தான் இருக்கும், பலத்தில் நல்ல உருக்கோடு போட்டி போடும், துருப்பிடிக்காது, உடம்பும் அதை ஏற்றுக்கொள்ளும். வெட்டுகிறவனுக்கு மட்டும் அது நல்ல உலோகமில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வெப்பக் கடத்தாறு, அதாவது ஒரு பொருள் சூட்டை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்ற எண், ஞாபகம் இருக்கும்: நடுத்தரக் காபன் உருக்குக்கு அது 50 அளவில், இதற்கு வெறும் 7. உருக்கை வெட்டும்போது உண்டாகிற சூட்டில் பெரும்பங்கு சீவலோடு பறந்து போய்விடும், டைட்டானியத்தில் அது போக வழியில்லாமல் டூலின் நுனியிலேயே தங்கி நுனியைத் தின்றுவிடும். சூடேறிய டைட்டானியம் டூலோடு வேதியியல் ரீதியாகவும் ஒட்டும், ஒட்டியது பிய்ந்து வரும்போது டூலின் துகளையும் சேர்த்துக் கொண்டு வரும். அதனால்தான் கார்பைட் டூலால் உருக்கை நிமிடத்துக்கு 200 மீற்றர் வேகத்தில் வெட்டுகிறவர்கள் இதை 60 மீற்றர் அளவில் வெட்டுகிறார்கள்.

இடையில் ஒன்று. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டு நம்மிடமே உண்டு. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணல் அதுதான். பல தசாப்தங்களாக அள்ளிப் பிரித்துக் கப்பலேற்றுகிறோம். உலகத்தில் அந்தத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாக மாறுவதில்லை, வெள்ளைப் பெயின்றுக்கான நிறப்பொடியாகத்தான் போகிறது. மணலிலிருந்து உலோகத்தை எடுக்க குளோரினும் மகனீசியமும் ஏராளமான மின்சாரமும் வேண்டும். கரையில் கிடக்கும் மணல் மலிவாகவும் அதிலிருந்து வரும் கம்பி கைக்கெட்டாத விலையாகவும் இருப்பதற்கு அதுவே காரணம்.

சரி, விலை அப்படி என்றால் பத்துத் துண்டை வெட்டிக் கெடுத்துப் பழகுவது நடக்காது. டூலும் விலை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: வெட்டு நடக்கிற இடத்தின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவு, அதற்குள் வெப்பநிலை பல நூறு பாகைக்கு ஏறி இறங்குவதை எந்தக் கமராவாலும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. கணினியில் வெட்டிப் பார்க்க வருவதே இதற்காகத்தான்.

அங்கே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். உலோகத்தை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நெளியும், நெளிந்தால் எவ்வளவு சூடாகும், சூடானால் எவ்வளவு இளகும் என்று சூத்திரம் கொடுக்கிறோம். டூலை அதற்குள் மெதுவாகத் தள்ளி, மிகக் குறுகிய நேரத் துளிகளாக நகர்த்தி, ஒவ்வொரு துளியிலும் எல்லாக் கட்டங்களையும் திரும்பக் கணக்கிடுகிறோம். முடிவுறு மூலக முறை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

அந்த நேரத் துளி எவ்வளவு சின்னது என்று ஒருக்காக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டத்தின் அகலம் 5 மைக்ரோமீற்றர் என்று வைப்போம். டைட்டானியத்தில் ஒலி செக்கனுக்கு சுமார் 5000 மீற்றர் ஓடும். ஒலி ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரத்தைவிடப் பெரிய துளி வைத்தால் கணக்கு சிதறிவிடும், எனவே துளியின் அளவு ஒரு செக்கனின் 100 கோடியில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 60 மீற்றர் என்றால் செக்கனுக்கு 1 மீற்றர், 1 மில்லிமீற்றர் வெட்ட 1 மில்லிசெக்கன். அதாவது லேத்தில் கண்ணிமைப்பதற்குள் நூறு தடவை முடிந்துவிடுகிற ஒரு மில்லிமீற்றர் வெட்டுக்குக் கணினி பத்து லட்சம் தடவை கணக்குப் போட வேண்டும். கட்டத்தை அரைவாசி ஆக்கினால் தட்டையான படத்தில் வேலை எட்டு மடங்காகும், முப்பரிமாணத்தில் பதினாறு மடங்கு. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் ஓட வேண்டிய கணக்கை வீட்டுக் கணினியில் ஏற்றிவிட்டு அந்த நாட்களைக் கடந்தவர்களுக்கு, கணக்கை இடையிடையே சேமித்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எப்படி என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனி அந்தச் சூத்திரம். இந்தத் துறையில் அதிகம் பாவிக்கப்படுவது ஜோன்சன், குக் என்ற இருவர் 1983-ல் கொடுத்தது. வெடிகுண்டும் ரவையும் மோதும்போது உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்த இடத்தில்தான் அது பிறந்தது. லேத் வேலைக்கு அதைப் பாவிக்கக் காரணம், வெட்டும் இடத்திலும் உலோகம் அதே மாதிரிக் கண்மண் தெரியாத வேகத்தில் நெளிகிறது என்பதே. சூத்திரம் மூன்று அடைப்புக்குறிகளின் பெருக்கம். முதலாவது, நெளிய நெளிய உலோகம் எவ்வளவு இறுகும் என்பது. இரண்டாவது, வேகமாக நெளித்தால் எவ்வளவு கூடுதலாக எதிர்க்கும் என்பது. மூன்றாவது, சூடேறினால் எவ்வளவு இளகும் என்பது, உருகுநிலையில் அது பூச்சியமாகிவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து எண்கள். ஐந்து எண்ணில் ஒரு உலோகத்தின் குணம் அடங்கிவிடுகிறது என்பது பெரிய வசதி. ஆனால் ஆபத்தும் அதே ஐந்து எண்ணுக்குள்தான் இருக்கிறது.

கிரேட் 5-க்கு ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் இரண்டு எண் தொகுதிகள் உண்டு. ஒன்றில் ஆரம்பப் பலம், அதாவது நெளியத் தொடங்கும் அளவு, 782 மெகாபாஸ்கல், மூன்றாவது அடைப்பில் இளகும் விதத்தைத் தீர்மானிக்கும் வெப்பச் சுட்டி 1. மற்றதில் 862, வெப்பச் சுட்டி 0.8. பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் 600 பாகை செல்சியசில் மூன்றாவது அடைப்பை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள், உருகுநிலையை 1630 பாகை என்று எடுத்தால் ஒரு தொகுதி உலோகத்தின் பலத்தில் 64 வீதம் மிச்சம் இருக்கிறது என்கிறது, மற்றது 56 வீதம் என்கிறது. அதே உலோகம், அதே வெப்பநிலை. சீவல் எப்படிச் சுருளும், எங்கே கிழியும் என்பதை இந்த இளகல்தான் தீர்மானிக்கிறது என்பதால் இந்த எட்டு வீதத்தை லேசாக எடுக்க முடியாது.

எண்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஹொப்கின்சன் தண்டு என்று ஒரு சோதனை: இரண்டு நீண்ட தண்டுகளுக்கு நடுவே சின்ன உலோகத் துண்டை வைத்து ஒரு பக்கத்தில் அடித்து, ஓடிவரும் அலையை அளந்து, அந்தத் துண்டின் தகைப்பையும் (ஒரு அலகுப் பரப்பில் வரும் விசை) விகாரத்தையும் (எவ்வளவு பங்கு நெளிந்தது என்பது) கண்டுபிடிப்பது. நல்ல சோதனை. ஆனால் அதில் எட்டக்கூடிய விகார வேகம் செக்கனுக்குச் சில ஆயிரம், கூடினால் பத்தாயிரம் அளவு. வெட்டும் இடத்தில் அது பத்தாயிரத்தில் தொடங்கிப் பத்து லட்சம் வரை போகும். அளக்காத இடத்துக்குக் கோட்டை நீட்டிக்கொண்டு போகிறோம் என்று தெரிந்துகொண்டே பாவிக்க வேண்டும்.

இது வழமையான, காய்ச்சி அடித்து உருட்டிய கம்பிக்கான கதை. நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் பிரிண்ட் எடுத்த கிரேட் 5 பெயரில் மட்டும்தான் அதே கிரேட் 5.

லேசர் உருக்கிய துளி செக்கனுக்கு லட்சக்கணக்கான பாகை என்ற வேகத்தில் குளிர்கிறது. இந்தக் கலப்புலோகம் சுமார் 995 பாகைக்கு மேலே பீட்டா என்ற அணு அடுக்கமைப்பில் இருக்கும், ஆறுதலாகக் குளிர்ந்தால் அல்பாவும் பீட்டாவும் கலந்த அமைப்பாகப் பிரியும். பிரிண்டரில் பிரிவதற்கு நேரமே கிடைப்பதில்லை, ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் என்ற அமைப்பில் உறைந்துவிடுகிறது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய கத்தியைத் தண்ணீரில் தோய்க்கும்போது உருக்கில் நடப்பதும் இந்த வகை மாற்றம்தான், ஆனால் டைட்டானியத்தில் அந்தளவு கடினம் ஏறாது. ஏறுகிற அளவே போதும்: பிரிண்டரிலிருந்து இறக்கியபடியே இழுத்துப் பார்த்தால் 1000 மெகாபாஸ்கலைத் தாண்டித்தான் பல துண்டுகள் நெளியத் தொடங்குகின்றன, முறிவதற்கு முன் நீளுவதோ வழமையான கம்பியைவிடக் குறைவு. அதோடு, ஒவ்வொரு படையும் கீழ்ப்படையின் மேல் உறையும்போது பழைய மணியுருவை (உலோகத்துக்குள் இருக்கும் சின்னப் பளிங்கு) தொடர்ந்து வளர்வதால், உள்ளே பனங்கூடலில் மரங்கள் நிற்பது மாதிரி நெட்டுக்குத்தான தூண் வடிவ மணியுருக்கள் வரும். ஆகவே பிரிண்ட் எடுத்த திசையோடு வெட்டுவதும் குறுக்கே வெட்டுவதும் ஒன்றில்லை.

இதே உலோகத்தை இலத்திரன் கற்றையால் உருக்கும் இன்னொரு வகை இயந்திரமும் இருக்கிறது. அதில் வெற்றிடத்துக்குள் தூள் படுக்கை முழுவதையும் 700 பாகை அளவில் சூடாக வைத்துக்கொண்டு வேலை செய்வதால் உலோகம் ஆறுதலாகக் குளிர்ந்து அல்பா பீட்டா அமைப்பாகப் பிரிந்துவிடும், உள்ளே தேங்கும் தகைப்பும் குறைவு, ஆனால் மேற்பரப்பு இன்னும் கரடு. பிரிண்ட் எடுத்த பிறகு உலையில் வைத்தால் கதை இன்னொருமுறை மாறும். 920 பாகை அளவில் 100 மெகாபாஸ்கல் வாயு அழுத்தத்தில் வைத்து உள்ளிருக்கும் துளைகளை மூடவைப்பார்கள், அப்போது ஊசி அமைப்பும் கலைந்துபோகும். ஆக, "பிரிண்ட் பண்ணிய டைட்டானியம்" என்று ஒரு பொருள் கிடையாது. எந்த இயந்திரம், எந்தத் திசை, உலையில் வைத்ததா இல்லையா என்று சொல்லாதவரை அது ஒரு உலோகத்தின் பெயரே இல்லை. பிரிண்ட் எடுத்ததை வெட்டினால் விசை கூடும் என்று ஒரு ஆய்வும், டூல் அதிக நேரம் நிற்கும் என்று இன்னொரு ஆய்வும் சொல்லும்போது இருவரில் ஒருவர் பிழை என்று நினைக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இரண்டு பேரும் வேறு வேறு உலோகத்தை வெட்டியிருப்பார்கள்.

என் முதல் கணக்கில் நான் செய்ததும் பலர் செய்வதும் ஒன்றுதான்: கம்பிக்கான ஐந்து எண்களை எடுத்து, பிரிண்ட் எடுத்த துண்டு என்று பெயரிட்ட கணினி மாதிரிக்குள் (மொடல்) போட்டேன். கணக்கு ஓடியது. சீவல் சுருண்டது, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அழகான வெப்பநிலைப் படம் வந்தது, விசையும் நம்பத்தக்க அளவில் இருந்தது. கணினி என்னைத் தடுக்கவேயில்லை, ஏனென்றால் பிழையான உலோகத்தையும் அது சரியாகவே வெட்டும். அந்தப் படத்தைத்தான் பெரியப்பாவிடம் காட்டினேன், அப்போதுதான் சீவலைப் பற்றிக் கேட்டார்.

அவர் ஏன் சீவலைக் கேட்டார் என்றால், லேத்தில் நிற்கிறவர்கள் வெட்டை வாசிப்பது அதிலிருந்துதான். நீலம் பாய்ந்த சீவல் வந்தால் வேகம் கூட, நீளமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் டூலின் முகத்தைத் திருத்த வேண்டும், தூளாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. டைட்டானியச் சீவலை வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு நாடா மாதிரித்தான் தெரியும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் மரம் அரியும் வாளின் விளிம்பு மாதிரி வரிசையாகப் பல்லுப் பல்லாக இருக்கும். காரணம் மறுபடி அந்தச் சூடுதான். உலோகம் ஒரு மெல்லிய பட்டையில் நெளியத் தொடங்கும்போது அங்கே சூடு உண்டாகிறது, சூடு பரவுவதில்லை, சூடான இடம் இளகுகிறது, இளகிய இடமே மேலும் நெளிகிறது, மேலும் சூடாகிறது. இறுகுவதைவிட இளகுவது வெல்லும் அந்தக் கணத்தில், சில மைக்ரோமீற்றர் அகலமான அந்தப் பட்டை வழியே ஒரு துண்டு முழுதாக வழுக்கி வெளியே வருகிறது. ஒரு பல் முடிந்தது. டூல் கொஞ்சம் முன்னேறியதும் அடுத்த பல்.

அந்தப் பல்லைக் கணினியில் வரவைப்பது லேசில்லை. சாதாரண ஜோன்சன் குக் சூத்திரம் மட்டும் போட்டால் பல மாதிரிகளில் வழுவழுப்பான சீவலே வரும். பல் வரவைக்க இரண்டு வழியை அதிகம் எடுக்கிறார்கள். ஒன்று, உலோகம் எவ்வளவு நெளிந்தால் சேதமடையும் என்று இன்னொரு சூத்திரம் சேர்த்து, சேதமடைந்த கட்டத்தைப் பலவீனப்படுத்துவது அல்லது கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது. இன்னொன்று, பெரிய விகாரத்தில் உலோகம் தானாக இளகும் என்று சூத்திரத்தையே மாற்றி எழுதுவது, பிரான்சில் கலமாஸ் குழுவினர் 2008-ல் கொடுத்த சூத்திரம் இந்த வகை. எனக்கு இரண்டாவது வழியில் நம்பிக்கை கூட. முதல் வழியில் கட்டங்களை நீக்கும் எல்லையைக் கொஞ்சம் அப்படியிப்படி அசைத்தால் விரும்பிய பல்லை வரவைத்துவிடலாம், கட்டத்தின் அளவை மாற்றினால் பல்லும் மாறிவிடும். நெளியும் பட்டை சில மைக்ரோமீற்றர் அகலம் என்று சொன்னேன் அல்லவா, 20 மைக்ரோமீற்றர் கட்டம் வைத்த மாதிரியில் வருகிற பட்டையின் அகலத்தைத் தீர்மானித்தது உலோகமா, கட்டமா என்று கேட்க வேண்டும்.

இப்போது சீவலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் வெட்டும்போது ஒவ்வொரு 0.1 மில்லிமீற்றருக்கும் ஒரு பல் என்றால், செக்கனுக்குப் பத்தாயிரம் பற்கள். விசையும் அத்தனை தடவை ஏறி இறங்குகிறது. டூலுக்குக் கீழே பொருத்தும் விசைமானிகள் பொதுவாகச் செக்கனுக்குச் சில ஆயிரம் அதிர்வுக்கு மேல் நம்பும்படியாகத் தொடர்வதில்லை, அவை சராசரியைத்தான் தரும். சராசரி விசை ஒத்துப்போவது பெரிய சாட்சியில்லை, பிழையான உலோகத்தையும் பிழையான உராய்வையும் சேர்த்தும் சரியான சராசரியைக் கொண்டுவந்துவிடலாம், ஒன்று கூட்டியதை மற்றது குறைத்துவிடும். மானி தவறவிட்ட ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் சீவலின் பல்லாக உறைந்து கிடக்கிறது. அதைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து மினுக்கி, அரித்து, நுணுக்குக்காட்டியில் மூன்று நீளம் அளக்க வேண்டும்: பல்லுக்குப் பல் தூரம், பல்லின் உச்சி உயரம், பள்ளத்தின் உயரம். அதே மூன்றையும் கணினி தந்த சீவலிலும் அளக்க வேண்டும். விசை இரண்டு திசையிலும், இந்த மூன்று நீளங்களும், இரண்டு மூன்று வேகங்களில், எந்த எண்ணையும் இடையில் மாற்றாமல் ஒத்துவந்தால் அந்த மாதிரியை நான் நம்பத் தொடங்குவேன். (அரிக்கும் திரவத்தில் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் ஊடுருவிப்போய் எலும்புவரை தாக்கும். பயிற்சியும் அதற்கான முதலுதவி மருந்தும் இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம், ஆய்வகத்தில் செய்விப்பது நல்லது.)

உராய்வைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டூலின் நுனிக்குப் பக்கத்தில் சீவல் ஒட்டிக்கொண்டும், தள்ளி வழுக்கிக்கொண்டும் போகிறது, ஒரே ஒரு உராய்வுக் குணகத்தால் இரண்டையும் சொல்ல முடியாது. வெட்டும் விசை ஒத்துவந்து, டூலைப் பின்னுக்குத் தள்ளும் விசை மட்டும் குறைவாக வருவது இந்த மாதிரிகளில் அடிக்கடி பார்க்கும் குறை, அதன் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது.

சீவல் சின்னக் கதை, துண்டு பெரிய கதை. பிரிண்ட் எடுக்கும் பாகங்கள் மெல்லிய சுவர்களோடுதான் வரும், பாரத்தைக் குறைக்கத்தானே பிரிண்டே எடுக்கிறார்கள். 30 மில்லிமீற்றர் உயரம், 20 அகலம், 2 தடிப்பு என்று ஒரு சுவர், அடியில் மட்டும் பிடிப்பு. உச்சியில் டூல் 100 நியூற்றன் விசையோடு தள்ளினால் எவ்வளவு வளையும்? உயர்தரத்துக்குப் பிறகு பொறியியலில் முதலில் படிக்கும் சட்டகக் கணக்குத்தான்: கிரேட் 5-ல் 0.59 மில்லிமீற்றர், உருக்கில் 0.33. யங்கின் மட்டு உருக்கின் அரைவாசிக்குச் சற்று மேல் என்பதால் வருகிற வித்தியாசம் அது. சுவரை 1 மில்லிமீற்றராகக் குறைத்தால் வளைவு எட்டு மடங்கு. சுவர் டூலிடமிருந்து விலகி ஓடி, டூல் போனதும் திரும்பி வந்து நிற்கும். அளந்தால் தடிப்பு கூட, அதிர்வும் சேர்ந்தால் மேற்பரப்பில் அலை அலையாகத் தடம். கணினியில் எந்த இடத்தை முதலில் வெட்டினால் மிச்சச் சுவர் தாங்கும் என்று ஒழுங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான், என் கணிப்பில், ஒரு பட்டறைக்கு இந்தச் சிமுலேஷன் தரும் மிக உடனடியான பலன். அதற்கு 5 மைக்ரோமீற்றர் கட்டமும் வேண்டாம், சாதாரண மடிகணினியே போதும்.

அதற்குள்ளும் பிரிண்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. படை படையாக உருகி இறுகும்போது உள்ளே தகைப்பு தேங்கிவிடுகிறது, அடித்தட்டிலிருந்து அறுத்து எடுத்த உடனேயே சில துண்டுகள் தாமாக வளைவதை அதைக் கொண்டுதான் விளங்கிக்கொள்ள வேண்டும். மேலே ஒரு மில்லிமீற்றரை வெட்டி எடுத்தால் அந்தச் சமநிலை மறுபடி குலைந்து, டூல் தொடாத பக்கம்கூட நகரும். ஆனால் வெட்டும் சிமுலேஷன்களில் பெரும்பாலானவை எந்தத் தகைப்பும் இல்லாத ஒரு சுத்தமான கட்டியிலிருந்துதான் தொடங்குகின்றன. சரியான வழி, பிரிண்ட் எடுப்பதை முதலில் சிமுலேஷன் செய்து, அதன் மிச்சத் தகைப்பை வெட்டுகிற மாதிரிக்குள் கொண்டுவருவது. பிரிண்ட் கணக்கு மணித்தியாலங்களையும் முழுத் துண்டையும் பற்றியது, வெட்டுக் கணக்கு மில்லிசெக்கனையும் முடியளவு தடிப்பையும் பற்றியது, இரண்டையும் ஒரே மாதிரிக்குள் அடைக்க முடியாது. அதனால் சின்னக் கணக்கிலிருந்து விசையை மட்டும் எடுத்துப் பெரிய கணக்கின் மேல் வைக்கிறார்கள். துளைகளையும் மறக்கக் கூடாது. பிரிண்டில் தங்கிய ஒரு சின்னத் துளை உள்ளே இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை, அதைக் கடைந்து மேற்பரப்புக்குத் திறந்துவிட்டால் அங்கிருந்துதான் களைப்பு வெடிப்பு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் வெடிப்பு, தொடங்கும்.

இதை யாழ்ப்பாணத்திலிருந்து செய்ய முடியுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். முடியும். உலோகப் பிரிண்டர் கோடிக்கணக்கில், அதைத் தள்ளி வைப்போம். பெயர்போன மென்பொருட்களின் மாணவர் பதிப்புகள் இந்த வேலைக்குக் காணாது: அபாகஸ் இலவசப் பதிப்பின் எல்லை 1000 கணுக்கள் (கட்டங்களின் மூலைப் புள்ளிகள்), நான் மேலே சொன்ன 5 மைக்ரோமீற்றர் கட்டத்தில் 1 மில்லிமீற்றருக்கு அரை மில்லிமீற்றர் பரப்பை நிரப்பவே 20,000 கட்டங்கள் வேண்டும். ஆனால் 2022 செப்டெம்பரில் அல்டேர் நிறுவனம் தன் ரேடியோஸ் மென்பொருளைத் திறந்த மூலமாக்கி ஓப்பன்ரேடியோஸ் என்று விட்டது. மோதல், வெடிப்பு மாதிரியான வேகமான கணக்குக்கென்றே வளர்ந்த கருவி அது, ஜோன்சன் குக் சூத்திரம் உள்ளேயே இருக்கிறது, எல்லையும் கிடையாது. மெல்லிய சுவர் வளைவுக்கு கல்குலிக்ஸ் போதும், அதுவும் இலவசம். கிளிநொச்சி அறிவியல் நகரில் நம் பொறியியல் பீடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, லேத் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. கணினியில் இருப்பவரும் லேத்தில் நிற்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கம்பியில் தொடங்கி, கம்பிக்கான எண்கள் கம்பியின் சீவலைச் சரியாகத் தருகின்றனவா என்று முதலில் பார்த்து, அதற்குப் பிறகு வெளியே கொடுத்துப் பிரிண்ட் எடுத்த சின்ன வளையத்துக்குப் போகலாம். அந்த ஒழுங்கைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

பெரியப்பாவும் நானும் இப்போது முதல் படியில் நிற்கிறோம். ஒரு அடிக்கும் குறைவான கிரேட் 5 கம்பி, அவருடைய பழைய லேத், புது கார்பைட் டூல், தண்ணீர் கலந்த வெட்டெண்ணெய் தாராளமாக. டைட்டானியத்தின் மெல்லிய சீவலும் தூளும் தீப்பற்றும், பற்றினால் தண்ணீரும் காபனீரொட்சைட்டு அணைப்பானும் உதவாது, எரியும் டைட்டானியம் காபனீரொட்சைட்டுக்குள்ளேயும் எரியும். அதனால் லேத்துக்குப் பக்கத்தில் நன்றாகக் காய்ந்த மணல் ஒரு வாளி வைத்திருக்கிறோம், தூளைக் குவிய விடுவதில்லை. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் அவர் சீவலைத் தட்டி விடாமல் இடுக்கியால் எடுத்துப் பழைய பால்மா ரின்களில் போட்டு மூடுகிறார். ரின்னின் மேல் ஒட்டிய தாளில் வேகம், ஒரு சுற்றுக்கு டூல் நகர்ந்த அளவு, ஆழம், திகதி. இன்னொரு வரியும் விட்டிருக்கிறோம், கம்பிக்கு அது வெறுமையாகவே கிடக்கிறது: பிரிண்ட் எடுத்த திசை.